நீ பதித்த முகமும் நான் பதித்த வானமும்

என் பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஏகபோக உரிமையாளனாகிய அருமை மச்சான் சந்தனத்துக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ இருக்கும் இடத்தில் நலத்துக்கு என்ன குறைச்சல்? மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, சீமெந்து மூட்டையைச் சுமந்துகொண்டு படி ஏறும் வேலை இல்லை. நீ மேலே போய் மூன்று வருடம் ஆகிறது. நீ போனதும் உன் பெயர் ஊரில் கொஞ்சம் மங்கும், அந்த இடைவெளியில் நானும் இரண்டு நாள் மினுங்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். நடக்கவில்லை. முன்பெல்லாம் உன்னோடு போட்டி. இப்போது உன் பெயரோடு போட்டி. பெயருக்கு முழங்கால் வலிகூட வருவதில்லை மச்சான், அதை எப்படி நான் முந்துவது?

இதை உனக்கு மட்டும் ரகசியமாக எழுதவில்லை. படிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும். முப்பது வருடமாக ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு உன்னைக் கேலி செய்தவன் நான். அதனால் இதையும் ஊர் பார்க்கத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நம்முடைய சுவரைப் பற்றித் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் டவுனில் அரசாங்கம் செயலகக் கட்டடம் கட்டியபோது, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் பெரிய சுவரைக் கண்ணாடிச் சதுரங்களால் அலங்கரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மலை, வானம், தேயிலை, நடுவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். கொழும்பிலிருந்து ஓர் ஓவியர் படம் அனுப்பினார். பதிக்கும் வேலை இரண்டு மேசன் பாஸ்மாரிடம், அதாவது கொத்தனார்களிடம், வந்தது. ஒருவன் நீ, ஒருவன் நான். உலகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சுவர் எழும்பியதில்லை. ரோமாபுரிக்காரர்கள் ஏதோ செய்தார்களாம். அவர்களுக்கு நம்முடைய மழையைத் தாங்கும் சீமெந்து தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

ஓவியர் எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, பெண்ணின் முகத்தை மட்டும் முட்டை மாதிரி வெறும் வட்டமாக விட்டிருந்தார். "இந்தப் பகுதிப் பெண்ணின் முகம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு குறிப்பு. அந்த முட்டைக்கு நாம் இரண்டு பேரும் ஆசைப்பட்டோம். ஒத்துக்கொள் மச்சான், நீயும் ஆசைப்பட்டாய். ஆனால் நீ என்ன சொன்னாய்?

"உனக்குத்தான் ஒசரம்னா பயமே இல்லியே மச்சான். ஒன்னை மாதிரி சாரத்து உச்சியில நிக்க ஆரால முடியும்? நீ வானத்தப் பாரு. இந்தச் சின்ன மூஞ்சிய நான் பாத்துக்கிறேன்."

புகழ்ச்சிக்கு மயங்கி மேலே ஏறியவன்தான். இரண்டு மாதம் நான் வானம் பதித்தேன். ஏழு வகை நீலம், அதில் மூன்று வகையை இறைவன்கூட அதுவரை பார்த்திருக்கமாட்டான். மேகத்துக்குப் பால் வெள்ளைத் துண்டுகளைக் குறட்டால் நறுக்கி நறுக்கி என் விரலில் ரேகையே மிச்சமில்லை. நட்சத்திரங்களைவிட அதிகமான துண்டுகள். நான் எண்ணிப் பார்த்தேன். நட்சத்திரங்களையும் எண்ணிப் பார்த்தேன்.

என்ன ஆயிற்று? திறப்பு விழாவன்று வந்தவன் ஒவ்வொருவனும் வாசலில் நின்று, "ஆஹா, என்னா மூஞ்சி!" என்றான். வானத்தை அண்ணாந்து பார்க்க ஒருத்தனுக்கும் கழுத்து வளையவில்லை.

அதோடு விட்டதா? பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த வரும் பெண்கள், அடையாள அட்டைக்கு வரும் பெண்கள், காணிக் கடதாசிக்கு நடையாய் நடக்கும் பெண்கள் எல்லாரும் அவளுக்குக் "கண்ணாடி அக்கா" என்று பெயர் வைத்தார்கள். வரிசையில் நிற்கும்போது கூடைக் கயிற்றைப் பிடித்திருக்கும் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனால் அன்றைக்கே கையெழுத்து விழுமாம். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர்களும் தொடுகிறார்கள். தொட்டுத் தொட்டு அந்தக் கை மட்டும் எண்ணெய் பூசியது போல மின்னுகிறது. என் வானத்தை இதுவரை ஓர் ஈ காக்கைகூடத் தொட்டதில்லை. யாருக்கும் உயரம் எட்டாது என்று சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் உன் தப்பு.

அந்தத் தப்பை நான் எத்தனை ஆயிரம் தடவை எத்தனை ஆயிரம் பேருக்கு விளக்கியிருப்பேன்! இதோ இன்னும் ஒரு தடவை. கண்ணாடித் துண்டுகளை நாம் நேராகச் சுவரில் ஒட்டுவதில்லை. காக்கித் தாளில் படம் வரைந்து, அதன்மேல் துண்டுகளைக் கோதுமை மாப் பசையால் குப்புற ஒட்டுவோம். பிறகு தாளோடு தூக்கிச் சுவரில் அப்புவோம். சீமெந்து பிடித்ததும் தாளை நனைத்து உரித்தால் படம் வெளியே வரும். அப்படி வரும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அதனால் தாளில் வரையும்போதே திருப்பி வரைய வேண்டும். இது மேசன் வேலையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஓவியர் தன் பங்கைத் திருப்பித்தான் அனுப்பியிருந்தார். முகத்தை வரைந்த நீ திருப்பவில்லை!

தாளை உரித்தோம். நம் பெண்கள் வலது மூக்கில் குத்தும் மூக்குத்தி, இவளுக்கு இடது மூக்கில் மின்னியது. கன்னத்து மச்சமும் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தது. நான் சாரத்தின் உச்சியிலிருந்து சிரித்த சிரிப்பில் றொசல்லயில் ரயில் நின்றதாகச் சொல்வார்கள். சொன்னவன் நான்தான், இருந்தாலும் அது உண்மை. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. ஹாட்வெயார் சாமான் விற்கும் நம் முஸ்லிம் நானாவின் கடையில் உட்கார்ந்து, "நம்ம சந்தனம் பாஸ் மூக்குத்தி மாத்திக் குத்தின கதை தெரியுமா?" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் நீ பிளேன்டீயை ஊதிக்கொண்டு சும்மா இருப்பாய். தப்பு செய்தவன் வேறு என்ன பேசுவான் என்று நினைத்தேன்.

இப்போது செய்திக்கு வருகிறேன். இந்த மழைக்கு உன் முகம் விழுந்துவிட்டது.

உன் மகள் செல்விதான் போன் செய்தாள். அந்தச் செயலகத்திலேயே அவள் கிளார்க்காக இருக்கிறாள் என்பதும் உனக்குப் புதிய செய்தியாக இருக்கும். போன வருடம் நியமனம் கிடைத்தது. உன் சுவருக்கு நேர் எதிரேதான் அவளுடைய மேசை.

"மாமா, அப்பா செவுரு விழுந்துருச்சு மாமா."

அப்பா செவுரு! வானம், மலை, தேயிலை எல்லாம் சேர்த்து அப்பா செவுரு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"மூஞ்சி மட்டும் மாமா. கூரைப் பீலி ஒழுகி, பின்னால ஈரம் எறங்கியிருக்கு. நெத்தியில இருந்து தாடை வரைக்கும் பொலபொலன்னு கொட்டிருச்சு."

"வானம்?"

"வானத்துக்கு என்னா? அது அப்படியே இருக்கு."

மச்சான், நான் மனிதன். மறைக்கமாட்டேன். போனை வைத்துவிட்டு ஒரு நிமிடம் வீட்டுக்குள் ஆடினேன். முழங்கால் அனுமதித்த அளவுக்கு ஆடினேன். என் வானத்தில் ஒரு துண்டு அசையவில்லை! அதன்பிறகுதான் பஸ் ஏறினேன். நேரில் பார்த்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. கூடை இருக்கிறது, கயிறு இருக்கிறது, மின்னும் கை இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சீமெந்து. வரிசையில் நின்ற பெண்கள் அன்றைக்கும் கையைத் தொட்டார்கள். மேலே பார்க்காமல் தொட்டார்கள்.

செயலகத்துக்கு ஒரு மெடம் புதிதாக வந்திருக்கிறார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். செல்வி என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் மெடம் கேட்டார்.

"பாஸ், திரும்ப செய்ய முடியுமா? முடியாட்டி பரவாயில்ல, சொல்லுங்க. வாற திங்கக்கிழமை பூசுற ஆள் வருவாங்க. அந்த இடத்தில நம்பர் காட்டுற டிவி ஒன்று போட்டா சனத்துக்கும் லேசு."

நம்பர் காட்டும் டிவி! கூடை சுமக்கும் பெண்ணுக்கு முகத்துக்குப் பதிலாக "இலக்கம் நாற்பத்திரண்டு, மூன்றாம் கவுண்டர்!"

"முடியும் மெடம்" என்றேன். "முடியுமாவா? முன்ன இருந்ததை விட நல்லா வரும். முன்ன இருந்ததில ஒரு தப்பு இருந்துச்சு. அதைத் திருத்தியே போடுறேன்."

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் உன் மகள் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

வெள்ளைச் சீமெந்து வாங்கப் போன இடத்தில் நானா பிடித்துக்கொண்டார்.

"என்னா ராசு பாஸ், மூஞ்சி விழுந்துட்டாமே?"

"விழுந்துச்சு நானா. வானம் அப்படியே நிக்குது, கேட்டீங்களா?"

"வானம் விழுந்தா நான் ஏன் கடை தொறந்து வச்சிருக்கேன்?"

"சிரிக்காதீங்க. முப்பது வருசத் தப்பு திங்கக்கிழமையோட முடியுது. மூக்குத்தி அதுக்குரிய மூக்குக்கு வரப்போவுது. நேர்ல வந்து பாருங்க."

"வாறேன் பாஸ். நீங்க அத விட வேற கத பேசுற நாளப் பாக்கவாவது வாறேன்."

செல்வி உதிர்ந்த துண்டுகளை ஒரு வாளியில் கூட்டி வைத்திருந்தாள். மூன்றில் இரண்டு பங்கு தேறியது. மிச்சம் மழைத் தண்ணீரோடு வடிகால் கானில் போய்விட்டது. சனிக்கிழமை பகல், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் முகத்தை வரைய உட்கார்ந்தேன். பார்த்து வரையப் போட்டோ கிடையாது. திறப்பு விழாப் படத்தில் அவள் முகத்துக்கு நேரே யாரோ ஒரு பெரிய மனிதரின் தலைப்பாகை. ஆனால் எனக்குப் போட்டோ எதற்கு? பொறாமைக்காரன் உற்றுப் பார்ப்பது போல ரசிகன் பார்ப்பானா? புருவத்தின் வளைவு, உதட்டோரத்தின் குழி, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது. முப்பது வருடம் குறை தேடித் தேடி மனப்பாடம் செய்திருக்கிறேன். அப்படியே வரைந்து, பக்கத்தை மட்டும் மாற்றினேன். மூக்குத்தியை வலது மூக்குக்கு. மச்சத்தை அடுத்த கன்னத்துக்கு. சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். இராசராசன் கோயில் கட்டி முடித்துவிட்டு இப்படித்தான் நின்றிருப்பான்.

உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி பாக்கியம் தேத்தண்ணியோடு வந்தாள். படத்தைப் பார்த்தாள். கோப்பையை வைக்காமல் அப்படியே நின்றாள்.

"யாருங்க இது?"

"யாரா? கண்ணாடி அக்கா. உங்கண்ணன் மாத்திக் குத்தின மூக்குத்திய நான் நேராக் குத்தியிருக்கேன். எப்புடி?"

"இது வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"இப்புடிப் போட்டா அது நான் இல்ல."

"நீயா?" என்று சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது மச்சான். படத்துக்குப் பக்கத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் வலது மூக்கில் மூக்குத்தி, அவளுக்கும் வலது மூக்கில். படத்தில் மச்சம் இருந்த கன்னத்தில்தான் அவளுக்கும் மச்சம். புருவம், உதட்டோரக் குழி, எல்லாம். பக்கத்தை மாற்றி நேராக்கியவுடன், நான் தினமும் சோறு வாங்கிச் சாப்பிடும் முகம் கலண்டர் தாளில் உட்கார்ந்திருந்தது. மூக்குத்தியும் மச்சமும் இடம் மாறியிருந்ததால் முப்பது வருடமாக அது எவளோ என்று நினைத்திருக்கிறேன். சொந்தப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து முப்பது வருடம் வயிறெரிந்திருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த மடையனாவது இதைச் சாதித்திருக்கிறானா? இந்த விசயத்திலாவது எனக்கு நிகர் நான்தான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"தாள உரிச்ச அன்னைக்கே. சாப்பாடு கொண்டாந்து கீழ நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க மேல நின்னு சிரிச்சீங்க. நான் பாத்தேன். வீட்டுக் கண்ணாடியில தலை சீவயில தெரியிற மூஞ்சி. மூக்குத்தி அந்தப் பக்கம், மச்சம் இந்தப் பக்கம். எனக்கு நான் அப்புடித்தானேங்க தெரியிறேன்? நேரா ஒரு நாளும் என்னை நான் பாத்ததில்லியே."

"ஏன் சொல்லல?"

"நீங்க அந்தச் சிரிப்புச் சிரிச்சதுக்கு அப்புறம் எப்புடிச் சொல்ல? அண்ணனும் சொல்ல வேணாம்னுச்சு."

"அவன் என்னா சொன்னான்?"

"ஏன்ண்ணே எம் மூஞ்சியப் போட்டேன்னு கேட்டேன். 'சின்னதுல இருந்து ஒம் மூக்கச் சிந்தி விட்டவன் நான். கண்ண மூடிக்கிட்டு வரையிறதுக்கு எனக்கு வேற எந்த மூஞ்சி புள்ள தெரியும்?'ன்னு கேட்டுச்சு."

"மாத்தி வந்தது தப்பா, வேணுமின்னே செஞ்சானா?"

"அத நான் கேக்கல."

இப்போது நான் கேட்கிறேன். மச்சான், தெரிந்து செய்தாயா? தெரியாமல் செய்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்த பிறகு அப்படியே விட்டாயா? நானா கடையில் நான் கதை ஆரம்பிக்கும்போதெல்லாம் நீ பிளேன்டீயை ஊதியது என்ன அர்த்தத்தில்? "உன் பெண்டாட்டிடா மடையா" என்று மூன்று சொல்லில் என் வாயை மூடியிருக்கலாமே. சொன்னால் ஊர் முழுக்க அவளையும் சேர்த்துக் கேலி செய்வேன் என்று பயந்தாயா? செய்திருப்பேன் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது.

அன்று எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, அதுவரை வந்ததெல்லாம் அதற்கு ஒத்திகை. வாளியிலிருந்து கண்ணின் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். கறுப்பு இல்லை. நல்ல சாயத் தண்ணி நிறம், பால் விடாத தேநீரின் நிறம், அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வெளிறிய நிறம். அவள் கண் கறுப்பு என்று நான் கோயிலில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். குசினிக்குப் போய், பாத்திரம் எடுப்பவன் போல எட்டிப் பார்த்தேன். சாயத் தண்ணி நிறம்தான். அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, கட்டியவனுக்குத் தெரியவில்லை. கட்டிய நாளிலிருந்து நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? வானத்தையா?

"என்னா செய்யட்டும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"உங்க இஷ்டம். அரசாங்கத்துச் செவுரு, உங்க கையி. நேராத்தான் போடுவேன்னா போடுங்க. ஊர்ல எல்லாரும் பாக்குற மூஞ்சி அதுதானே. ஆனா நான் அந்தப் பக்கம் போறப்ப என்னைய நான் பாத்துக்க முடியாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! முப்பது வருட வாய்ச்சவடாலை ஒரு தட்டில் வை. நானாவுக்கு விட்ட சவாலை வை. மெடத்துக்குக் கொடுத்த வாக்கை வை. மற்றத் தட்டில் இந்த "அவ்வளவுதான்." அன்று மாலை முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர்கள் டாக்டரைக் கூப்பிடலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் சாத்தி வைத்தேன். "வா, இப்பிடி உக்காரு" என்றேன். அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் தோளுக்கு மேலால் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

"என்னாங்க இப்புடிப் பாக்குறீங்க?"

"வேலை பாக்குறேன். கானில போன துண்டுக்கெல்லாம் அளவு வேணும். அசையாத."

"வெக்கமா இருக்குங்க."

"ஒங்கண்ணன் பாக்கயில வெக்கமா இல்லியா?"

"அது பாக்கவே இல்லியே. தெரிஞ்சு வச்சிருந்துச்சு."

இந்தக் குடும்பத்தோடு பேசி நான் என்றைக்கு வென்றிருக்கிறேன்?

தேறிய துண்டுகளை நீ வைத்தபடியே வைத்தேன். கண்கள் இரண்டும் உன்னுடையவை, மூக்கு உன்னுடையது, மூக்குத்தித் துண்டும் வாளியில் கிடைத்தது. காணாமல் போனது ஒரு பக்கக் கன்னமும் வாயின் ஓரமும் நெற்றியோரத்து முடியும். அதை நீ எப்படி வைத்திருந்தாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு அந்த இடங்களில் வேறு விதமாக இருந்தது. வாயோரத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அது நான் வாங்கிக் கொடுத்த கோடு. கன்னம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நெற்றியோரத்தில் நரை. நீ பதிக்காத பாக்கியம் இவள். இவளைப் பதிக்க இருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தபோது, உனக்கு எதிராக முதல் தடவையாக எனக்கு ஒரு புள்ளி கிடைத்தது போல இருந்தது. கோட்டையும் வைத்தேன், கன்னத்தையும் இறக்கினேன். நரைக்கு எதை வைப்பது? சாக்கில் பழைய மேகத் துண்டுகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. பால் வெள்ளை. அவற்றை மெல்லிசாக நறுக்கி வைத்தேன். ஆக, என் வானத்தில் ஒரு துளி இப்போது மனிதர் கை எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்.

தாளில் திருப்பாமல்தான் ஒட்டினேன். உன்னைப் போலவே. கை கூசியது மச்சான். தெரிந்தே தப்பாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னேரம் மெடத்தின் அனுமதியோடு செல்வி கதவைத் திறந்துவிட்டாள். தாளோடு தூக்கிச் சுவரில் அப்பினேன்.

திங்கட்கிழமை காலை தாளை உரிக்கும்போது நல்ல கூட்டம். மெடம் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூச வந்த ஆட்கள் இரண்டு பேரும் வாளியோடு நின்றார்கள். நானா ஏதோ படிவம் நிரப்ப வந்தவர் போலப் பேனாவைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில். நான் ஈர ஸ்பொஞ்சைப் பாக்கியத்தின் கையில் கொடுத்தேன்.

"நீயே உரி."

தாள் ஊறிக் கழன்றது. பசை வழிய வழிய அவள் துடைத்தாள். நெற்றி வந்தது. கண் வந்தது. மூக்கின் பக்கம் வந்தபோது கொஞ்சம் மெதுவாகத் துடைத்தாள். உன் தங்கச்சி அத்தனை பேருக்கு முன்னால் தன் முகத்தைத் தானே கழுவினாள் மச்சான். அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரியாது.

மூக்குத்தி இடது மூக்கில் மின்னியது.

அப்புறம் நானா.

"யா அல்லாஹ்! பாஸ், இந்த மொறையும் மாறிப் போச்சே!"

மண்டபம் வெடித்தது. மெடம் வாயைப் பொத்திக்கொண்டார். பூச வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முப்பது வருசமா சந்தனம் பாஸை என்னா பேச்சுப் பேசினீங்க! அந்த மனுசன் இருந்திருந்தா இன்னைக்கு விருந்து வச்சிருப்பாரு" என்று நானா வரிசை முழுக்கத் திரும்பித் திரும்பிச் சொன்னார். எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. "இது தப்பில்லை நானா, இங்கே நிற்கிறாளே" என்று தொடங்கினால் போதும், ஒரு நிமிடத்தில் அத்தனை பேரையும் கவிழ்த்திருப்பேன். பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஸ்பொஞ்சைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெளியே கிளம்புமுன் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது போல. நான் வாயைத் திறக்கவில்லை.

நான்! ராசு! வாயைத் திறக்கவில்லை! இதை நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன், "எப்புடி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"எது நல்லாருக்கு?"

"கண்ணு."

கண் நீ வைத்தது. கொஞ்ச தூரம் போனபின், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "நரையும் பரவால்ல" என்றாள். அந்தப் "பரவால்ல"வை நான் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்.

உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றும், அது ஊருக்கும் போகும் என்றும் சொல்லி அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. இந்த வயசுல எனக்கு என்னா வெக்கம்? அண்ணனைப் பத்தி நீங்க சொன்னது தப்புன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றாள். ஆகவே ஊராரே, கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம் பாஸ் தப்புச் செய்யவில்லை. தப்புச் செய்தானோ இல்லையோ, அதனால் கெட்டது எதுவும் இல்லை. அந்த முகம் யாருடையது என்று தெரியாமல் முப்பது வருடம் நின்றது நான்.

இத்தனையும் எழுதிய பிறகும் எனக்கு உன்மேல் பொறாமை குறைந்ததா என்று கேட்டால், இல்லை. ஏறியிருக்கிறது. சும்மா இருந்தே ஒருவன் இவ்வளவு பெரிய ஆளாக இருந்திருக்கிறான் என்பதை எந்த மச்சான் தாங்குவான்?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கப்போவதில்லை. நாளைக்கும் உடப்புசல்லாவையிலிருந்தோ வேறு எங்கிருந்தோ யாராவது வருவார்கள். அண்ணாந்து பார்த்து, "எந்த மேசன் இந்த மூக்குத்திய மாத்திக் குத்தினது?" என்று கேட்பார்கள். நான் அங்கே இருந்தால் கையை உயர்த்துவேன். இல்லாவிட்டால் செல்வி என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேலியெல்லாம் இனி என் கணக்கில். உன்னைப் பார்த்துச் சிரிக்க ஒருவனையும் விடமாட்டேன். அன்பினால் மட்டும் என்று நினைத்து அங்கே கண்கலங்கி நிற்காதே. அந்தச் சுவரிலேயே மிக அழகானது அந்தத் தப்புத்தான் மச்சான். அதையும் உனக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் தங்கச்சியின் கண் என்ன நிறம் என்று
இப்போதுதான் தெரிந்துகொண்ட
உன் மச்சான்,
ராசு